மேல்முறையீட்டின் கதை – 7: கேட்கப்படாத சாட்சி

செய்யாத மோசடிக்காக அடால்ஃப் பெக் இரண்டு முறை குற்றவாளியாக்கப்பட்ட கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த அவமானமும், இந்தியப் பார்சி ஒருவரின் மகனான ஜார்ஜ் எடால்ஜிக்கு நேர்ந்த அநியாயமும் சேர்ந்துதான் இங்கிலாந்துக்கு 1907ஆம் ஆண்டின் குற்றவியல் மேல்முறையீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தன. அந்தச் சட்டத்தின் 9ஆவது பிரிவுதான் நமக்கு முக்கியம். மேல்முறையீட்டு நீதிமன்றம் எந்த ஆவணத்தையும் வரவழைக்கலாம், எந்தச் சாட்சியையும் கூண்டில் ஏற்றலாம், மேல்முறையீடு செய்தவரையே சாட்சியாக விசாரிக்கலாம், விஞ்ஞானச் சோதனை தேவைப்பட்டால் தனி ஆணையர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்று அது சொன்னது. புதிதாக வந்த சாட்சியத்தைக் காரணம் காட்டித் தண்டனையைக் கூட்டக் கூடாது என்றும் வரம்பு கட்டியது. கைதிக்கு அனுகூலமான ஏற்பாடு அது.

ஆனால் சட்டம் ஸ்காட்லாந்தின் எல்லையில் நின்றுவிட்டது.

அந்த நாட்டுக்குத் தனிச் சட்டம், தனி நீதிமன்றங்கள். எடின்பரோவில் ஜூரி குற்றவாளி என்று சொல்லிவிட்டால், அந்த முடிவு சரிதானா என்று பார்க்க மேலே ஒரு நீதிமன்றம் கிடையாது. அரசரின் கருணைக்காக ஸ்காட்லாந்து அமைச்சரிடம் மனுப் போடலாம், அவ்வளவுதான். நம் ஊர் நிலைமையோடு இதை ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். 1908இல் வ.உ.சி.யின் வழக்கு திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டிலிருந்து மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தண்டனை குறைந்தது. அப்போது இங்கே நடப்பில் இருந்த 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆவது பிரிவு, மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடுதல் சாட்சியம் எடுக்கலாம் என்று தெளிவாகவே எழுதி வைத்திருந்தது. ஆள வந்தவர்கள் இங்கே எழுதிக் கொடுத்த உரிமை அவர்கள் தீவின் வடபாதியில் இல்லை. அதே 1908ஆம் ஆண்டு டிசம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஒரு கொலை அந்தக் குறையை அம்பலமாக்கியது. ஆனால் அது சரிசெய்யப்பட்டது ஒரு மனிதரின் பதினெட்டரை ஆண்டுகள் சிறையில் கரைந்த பிறகு.

மேரியன் கில்கிறிஸ்ட்டுக்கு வயது 82. வெஸ்ட் பிரின்சஸ் தெருவில் முதல் மாடி வீடு. திருமணம் செய்துகொள்ளாதவர், வசதியானவர், திருட்டுப் பயம் அதிகம். ஏறக்குறைய 3,000 பவுண்டு மதிப்புள்ள நகைகளை அலமாரித் துணிகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தார். ஆபத்து என்றால் தரையைத் தட்டுவேன், ஓடி வாருங்கள் என்று கீழ்வீட்டு ஆடம்ஸ் குடும்பத்தாரிடம் சொல்லியும் வைத்திருந்தார். டிசம்பர் 21 மாலை ஏழு மணிக்கு வேலைக்காரப் பெண் ஹெலன் லாம்பி ஒரு பென்னியோடு பத்திரிகை வாங்கப் போனாள். சற்று நேரத்தில் மேலே சத்தம். ஆர்தர் ஆடம்ஸ் கண்ணாடியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் மாடியேறி மணியை அடித்தார். உள்ளே சுள்ளி ஒடிப்பது போல் சத்தம் கேட்டது. வேலைக்காரி அடுப்புக்கு விறகு பிளக்கிறாள் என்று நினைத்துக் கீழே இறங்கிவிட்டார். திருப்தியில்லாத தங்கைகள் மறுபடி மேலே அனுப்பினார்கள். அதற்குள் லாம்பியும் திரும்பி வந்து கதவைத் திறந்தாள். படுக்கையறையிலிருந்து ஒரு ஆள் நிதானமாக வெளியே வந்து, ஆடம்ஸைக் கடந்ததும் படிகளில் பாய்ந்து மறைந்துவிட்டான். சாப்பாட்டு அறையில் கில்கிறிஸ்ட் தலை சிதைந்து கிடந்தார்.

திருடன் வந்திருந்தால் நகைகள் போயிருக்க வேண்டும். காணாமல் போனது பிறை வடிவ வைர புரூச் ஒன்றுதான். படுக்கையறையில் காகிதங்கள் வைத்திருந்த மரப்பெட்டி உடைக்கப்பட்டு, தாள்கள் தரையெங்கும் இறைந்து கிடந்தன. வந்தவன் தேடியது நகையையா, ஏதாவது பத்திரத்தையா என்ற கேள்வியைச் சில ஆண்டுகள் கழித்து எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில்தான் உரக்கக் கேட்டார்.

ஆஸ்கர் ஸ்லேட்டர் இந்தக் கதைக்குள் வந்தது ஒரு அடகுச் சீட்டால். அவர் ஜெர்மனியின் மேல் சைலீசியாவில் பிறந்த யூதர். நகை வியாபாரம், சூதாட்டக் கிளப்புகள் என்று கிளாஸ்கோவில் காலம் தள்ளியவர். பெயரை அடிக்கடி மாற்றிக்கொள்பவர். வைர புரூச்சின் அடகுச் சீட்டை அவர் விற்கப் பார்க்கிறார் என்று கிறிஸ்துமஸ் அன்று போலீசுக்குத் தகவல் வந்தது. அடுத்த நாள் அவர் லிவர்பூலிலிருந்து வேறு பெயரில் லூசிட்டானியா கப்பல் ஏறி அமெரிக்கா போய்விட்டார். தப்பியோட்டம் என்றே போலீஸ் எடுத்துக்கொண்டது. லிவர்பூல் ஹோட்டல் பதிவேட்டில் அவர் தன் சொந்தப் பெயரையும் கிளாஸ்கோவையும் எழுதியிருந்தது பொருட்படுத்தப்படவில்லை. புரூச் விஷயம் அதற்குள் உடைந்து போயிருந்தது. அடகில் இருந்தது வேறு நகை. அடகு வைத்த தேதி நவம்பர் 18, கொலைக்கு ஒரு மாதத்துக்கு முன்பு. ஒரு வழக்கைத் தொடங்கி வைத்த ஒரே துப்பு பொய்த்துப் போன பிறகும் அந்த வழக்கு நிற்காமல் நடந்தது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்தும் இடம் இதுதான்.

துப்பு போனதும் போலீசுக்கு மிஞ்சியது அடையாளம் காட்டல். லாம்பி, ஆடம்ஸ், தெருவில் ஓடிவந்த ஆள் தன் மேல் மோதினான் என்று சொன்ன 14 வயது மேரி பாரோமன் ஆகிய மூவரும் நியூயார்க்குக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். இரண்டு பெண்களும் கப்பலில் ஒரே அறையில் பயணம் செய்தார்கள். ஸ்லேட்டரின் புகைப்படம் முன்கூட்டியே காட்டப்பட்டது. முகத்தைப் பார்க்கவில்லை என்று முதலில் சொன்ன லாம்பி, நியூயார்க்கில் நடையை வைத்து அடையாளம் சொன்னாள். எடின்பரோவில் பக்கவாட்டு முகத்தையும் பார்த்ததாகச் சொன்னாள். ஆடம்ஸ் கடைசி வரை 'மிகவும் ஒத்திருக்கிறார்' என்பதைத் தாண்டவில்லை. குற்றம் செய்யவில்லை என்ற தைரியத்தில், வழக்காடித் தடுக்க வழியிருந்தும், ஸ்லேட்டர் தானாகவே ஸ்காட்லாந்து திரும்பினார்.

1909 மே 3 முதல் 6 வரை எடின்பரோவில் விசாரணை நடந்தது. அரசுத் தரப்புக்கு அலெக்சாண்டர் யூர் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறிப்புச் சீட்டு இல்லாமல் பேசினார். பெண்களின் சம்பாத்தியத்தில் வாழ்ந்தவன் என்று ஸ்லேட்டரின் ஒழுக்கத்தை ஜூரியின் முன் கிழித்துப் போட்டார். நீதிபதி கத்ரி அதைத் தடுக்கவில்லை. இப்படிப்பட்ட வாழ்க்கை வாழ்ந்தவனுக்கு, நல்லவன் ஒருவனுக்கு இருக்கும் நிரபராதி என்ற அனுமானம் அதே அளவில் கிடையாது என்ற பொருள்பட ஜூரிக்கு அவரே எடுத்துச் சொன்னார். ஸ்லேட்டர் கூண்டேறிச் சாட்சி சொல்லவில்லை. ஸ்காட்லாந்து ஜூரியில் 15 பேர், அப்போது சாதாரணப் பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது. ஒன்பது பேர் குற்றவாளி என்றார்கள், ஐந்து பேர், அங்கே அப்போது இருந்த மூன்றாவது வகைத் தீர்ப்பான 'நிரூபிக்கப்படவில்லை' என்றார்கள், ஒருவர் நிரபராதி என்றார். இங்கிலாந்தாக இருந்தால் இந்தக் கணக்கில் தண்டனையே விழுந்திருக்காது. மே 27 அன்று தூக்கு என்று நாள் குறிக்கப்பட்டது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். இரண்டு நாட்களுக்கு முன்பு தூக்கு ஆயுள் தண்டனையாயிற்று. ஸ்லேட்டர் பீட்டர்ஹெட் சிறையின் கல்குவாரிக்குப் போனார்.

விசாரணையில் சொல்லப்படாதவை நிறைய. கொலை நடந்த வீட்டுக்கு முதலில் வந்து உடலைப் பரிசோதித்தவர் அந்தப் பகுதி மருத்துவர் ஜான் ஆடம்ஸ் (கீழ்வீட்டு ஆடம்ஸ் வேறு). பக்கத்தில் கிடந்த கனத்த நாற்காலியின் கால் இரத்தத்தில் தோய்ந்திருப்பதைக் கண்டு, அதுதான் ஆயுதம் என்று அவர் கருதினார். ஸ்லேட்டரின் பெட்டியில் கிடைத்ததோ ஒரு சிறிய சுத்தியல். அரசுத் தரப்பு சுத்தியலை ஆயுதமாகக் காட்டியது, மருத்துவர் ஆடம்ஸைச் சாட்சியாக அழைக்கவே இல்லை. மளிகைக்காரர் மக்பிரேன், அன்று இரவு எட்டே கால் மணிக்கு ஸ்லேட்டர் தன் வீட்டு வாசலில் சாவகாசமாக நின்றதைப் பார்த்ததாகப் போலீசிடம் சொல்லியிருந்தார். கொலை செய்துவிட்டு நகரில் அலைந்து திரிந்தான் என்ற கதைக்கு நேர் எதிரானது அந்த வாக்குமூலம். அது எதிர்த்தரப்பு வக்கீலின் கைக்கு வரவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இருந்திருந்தால் இவர்கள் இருவரையும் கூண்டில் ஏற்றுவது ஒரு நாள் வேலை.

நீதிமன்றம் இல்லாததால் அந்த வேலையை எழுத்தாளர்களும் மனசாட்சியுள்ள ஒரு போலீஸ்காரரும் தலையில் போட்டுக்கொண்டார்கள். எடின்பரோ வக்கீல் வில்லியம் ரஃப்ஹெட் 1910இல் விசாரணை முழுவதையும் நூலாக்கினார். 1912இல் கோனன் டாயில் சிறு நூல் ஒன்று எழுதினார். பிறகு வந்தார் ஜான் தாம்சன் டிரெஞ்ச்.

டிரெஞ்ச் கிளாஸ்கோ துப்பறியும் பிரிவில் லெப்டினன்ட், பதக்கம் பெற்ற அதிகாரி. கொலை நடந்த இரவே, தான் பார்த்த ஆள் இன்னார் என்று லாம்பி ஒரு பெயரைச் சொன்னதாகவும், அதைக் கில்கிறிஸ்ட்டின் உறவுப்பெண் மார்கரெட் பிரல் தன்னிடம் தெரிவித்ததாகவும் அவர் வெளிப்படுத்தினார். அந்த ஆள் ஸ்லேட்டர் அல்ல. அரசு 1914இல் ஒரு விசாரணைக்கு உத்தரவிட்டது. அதை விசாரணை என்று அழைப்பதே எனக்குக் கூசுகிறது. ஷெரிஃப் மில்லர் மூடிய கதவுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். சாட்சிகளுக்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது. ஸ்லேட்டர் தரப்பில் வக்கீல் கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. லாம்பியும் பிரலும் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று மறுத்துவிட்டார்கள். தலையிட முகாந்திரம் இல்லை என்று கோப்பு மூடப்பட்டது. இரகசியத்தை வெளியிட்டதற்காக டிரெஞ்ச் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மறு ஆண்டு அவர் மீதும், அவருக்குத் துணை நின்ற வக்கீல் டேவிட் குக் மீதும் திருட்டுச் சொத்து வழக்கு ஒன்று பாய்ந்தது. நீதிபதி அதில் சாரமில்லை என்று சொல்லி விடுவிக்க வைத்தார். டிரெஞ்ச் 1919இல் இறந்தார். ஸ்லேட்டருக்காகப் பேசக்கூடிய முக்கியச் சாட்சிகளில் ஒருவர் அதோடு போய்விட்டார்.

சாட்சியம் கெட்டுப்போகும் பொருள் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். மனிதர்கள் இறக்கிறார்கள், வேறு நாடு போகிறார்கள், முதலில் சொன்னதைத் தாங்களே மறந்து கடைசியாகச் சொன்னதை நம்பத் தொடங்குகிறார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திறக்கிற நீதிமன்றம் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு உட்கார்ந்தாலும் அதன் முன் வருவது மிச்சம்தான்.

1925இல் பீட்டர்ஹெட்டிலிருந்து விடுதலையான வில்லியம் கார்டன் என்ற கைதி, ஸ்லேட்டர் எழுதிக் கொடுத்த பொடிச் சீட்டு ஒன்றை வாய்க்குள் மறைத்து வெளியே கொண்டுவந்தார். அது கோனன் டாயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. தன்னை மறந்துவிட வேண்டாம் என்பதுதான் கோரிக்கை. டாயில் மறுபடி கிளம்பினார். கிளாஸ்கோ பத்திரிகையாளர் வில்லியம் பார்க்கின் புத்தகம் 1927இல் வந்தது. பத்திரிகைகள் அமெரிக்காவில் குடியேறியிருந்த லாம்பியைத் தேடிப் பிடித்தன. கொலையாளி தனக்குத் தெரிந்த வேறு ஆள் என்ற பொருளில் அவள் பெயரால் பேட்டி வெளியானது. பாரோமனும் தன்னிடமிருந்து வார்த்தைகள் வரவழைக்கப்பட்டதாகச் சொன்னதாகச் செய்தி வந்தது. 1927 நவம்பர் 14 அன்று ஸ்லேட்டர் சிறையிலிருந்து வெளியே வந்தார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் அப்போதும் கொலைகாரர்தான்.

இடைப்பட்ட காலத்தில், 1926இல், ஸ்காட்லாந்துக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிடைத்திருந்தது. அதற்குக் கூடுதல் சாட்சியம் எடுக்கும் அதிகாரமும் இங்கிலாந்துச் சட்டத்தை ஒட்டியே தரப்பட்டது. ஆனால் அந்த ஆண்டு அக்டோபர் இறுதிக்குப் பிறகு தண்டனை பெற்றவர்களுக்குத்தான் அது பொருந்தும். ஒரே ஒரு மனிதருக்காக நாடாளுமன்றம் 1927இல் தனிச் சட்டம் இயற்றி அந்தத் தேதியைப் பின்னுக்குத் தள்ளியது. உலகச் சட்ட வரலாற்றில் இப்படிப்பட்ட காரியம் அபூர்வம். அதைச் செய்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

1928 கோடையில் எடின்பரோவில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்தார்கள். தலைமை கிளைட் பிரபு. ஸ்லேட்டருக்காக வாதாடியவர் கிரெய்கி எய்ட்சிசன். முதலில் தீர்மானிக்க வேண்டியது, யாரையெல்லாம் புதிதாகச் சாட்சியாக ஏற்பது என்பது. எய்ட்சிசன் கொடுத்த பட்டியலில் ஸ்லேட்டரின் பெயரும் இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக அவர் காத்திருந்தது இதற்குத்தான்: ஒரு நீதிபதியின் முன் நின்று, சத்தியம் செய்து, நான் கொல்லவில்லை என்று சொல்ல வேண்டும், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நிற்க வேண்டும். நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1909இலேயே கூண்டேறும் உரிமை அவருக்கு இருந்தது, அதைப் பயன்படுத்தவில்லை, எனவே இப்போது அவர் சொல்லப் போவது புதிய சாட்சியம் ஆகாது என்பது காரணம்.

ஸ்லேட்டர் கொதித்துப் போனார். மேல்முறையீட்டையே திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிவிட்டார். நண்பர்கள் அவரை வழிக்குக் கொண்டுவரப் படாத பாடு பட்டார்கள். டாயிலுக்கு அது நன்றிகெட்ட செயலாகப் பட்டது. எனக்கு ஸ்லேட்டரின் கோபம்தான் நியாயமாகப் படுகிறது. கிடைத்திருந்த சாட்சியத்தை இரண்டு தட்டிலும் முடிந்தவரை வைத்துப் பார்ப்பதற்காகத்தான் நாடாளுமன்றம் அவருக்காகத் தனிச் சட்டமே எழுதியது. அவர் பொய் சொல்வார் என்று சந்தேகம் இருந்தால் குறுக்கு விசாரணை எதற்கு இருக்கிறது? 1909இல் பேசாமல் இருந்தது வக்கீல் யோசனையாக இருக்கலாம், திக்கித் திணறும் ஆங்கிலம் காரணமாக இருக்கலாம். அதற்கான விலையை அவர் கல்குவாரியில் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

லாம்பி வர மறுத்துவிட்டாள். அவள் அமெரிக்காவில் இருந்ததால் நீதிமன்றத்தின் அழைப்பாணை அவளைக் கட்டுப்படுத்தவில்லை. ஜூலையில் வேறு சில சாட்சிகள் மட்டும் விசாரிக்கப்பட்டார்கள். எய்ட்சிசன் பல மணி நேரம் வாதாடினார். ஜூலை 20 அன்று தீர்ப்பு. சாட்சியத்தை வைத்துப் பார்த்தால் ஜூரி வந்த முடிவு வரக்கூடாத முடிவல்ல என்றார்கள். புதிதாக வந்த தகவல்கள் தீர்ப்பைப் புரட்டும் அளவுக்குக் கனமானவை அல்ல என்றார்கள். ஆனால் ஸ்லேட்டரின் ஒழுக்கத்தைப் பற்றி நீதிபதி கத்ரி ஜூரிக்குச் சொன்னது தவறான வழிகாட்டல், அந்த ஒரு காரணத்துக்காகத் தண்டனை ரத்து என்றார்கள்.

ஸ்லேட்டர் வென்றார், அவரை வெல்ல வைத்தது சாட்சியம் அல்ல. கத்ரியின் வார்த்தைகள் 1909 மே மாதத்திலிருந்தே பதிவில் இருந்தன. ரஃப்ஹெட் நூலைப் பிரித்த யாரும் அவற்றைப் படித்திருக்க முடியும். அந்த வார்த்தைகளுக்காகத்தான் தண்டனை ரத்து என்றால், அதற்கு ஒரு புதுச் சாட்சியும் தேவைப்பட்டிருக்காது. 1909 ஜூன் மாதமே மேலே ஒரு நீதிமன்றம் இருந்திருந்தால் போதும். டிரெஞ்ச் வேலையிழந்ததும், பார்க் ஆண்டுக்கணக்கில் அலைந்ததும், மருத்துவர் கண்ட நாற்காலியும், மளிகைக்காரர் கண்ட வாசலும் தீர்ப்பின் ஓரத்தில் ஒதுங்கிவிட்டன. யார் கொன்றார்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

நஷ்ட ஈடாக அரசு 6,000 பவுண்டு கொடுத்தது. வழக்குச் செலவு அதில் சேரவில்லை. செலவுக்குப் பிணை நின்ற டாயில், அதை ஸ்லேட்டர் திருப்பித் தர வேண்டும் என்று எதிர்பார்த்தார். குற்றம் செய்யாதவன் எதற்குச் செலவைக் கொடுக்க வேண்டும் என்று ஸ்லேட்டர் கேட்டார். இருவரும் பத்திரிகைகளில் மோதிக்கொண்டு பகையாளிகளாகவே பிரிந்தார்கள். டாயில் 1930இல் இறந்தார். ஸ்லேட்டர் ஏர் என்ற கடலோர ஊரில் குடியிருந்து 1948 ஜனவரி 31 அன்று, 76 வயதில் இறந்தார்.

1928இன் எடின்பரோ நீதிபதிகள் வைத்த கேள்வி, 'இது அப்போதே கிடைத்திருக்கக் கூடியதுதானே?' என்பது, அதன் பிறகும் இங்கிலாந்து நீதிமன்றங்களை விடவில்லை. 1961இல் பார்க்ஸ் வழக்கில் அதை அவர்கள் விதியாகவே எழுதினார்கள். புதுச் சாட்சியம் முதல் விசாரணையில் கிடைக்காததாக இருக்க வேண்டும், வழக்குக்குத் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும், நம்பத்தக்கதாக இருக்க வேண்டும், ஜூரியின் மனத்தில் நியாயமான சந்தேகத்தை எழுப்பியிருக்கக் கூடியதாக இருக்க வேண்டும். நான்கில் முதலாவதுதான் ஸ்லேட்டரைக் கூண்டுக்கு வெளியே நிறுத்தியது.

இந்தியாவில் பாதை வேறு மாதிரிப் போயிற்று. இங்கே 428ஆவது பிரிவு கைதிக்கு மட்டும் உரியதல்ல, அரசுத் தரப்பும் அதைக் கேட்கலாம். அந்த வேறுபாட்டால் விளைந்த சிக்கல்கள் பல. 1965இல் ராஜேஸ்வர் பிரசாத் மிஸ்ரா வழக்கில் நீதிபதி இதாயத்துல்லா அளவுகோலை மாற்றி வைத்தார்: கூடுதல் சாட்சியம் இல்லாமல் தீர்ப்பே எழுத முடியாது என்ற நிலை வர வேண்டியதில்லை, அது இல்லாவிட்டால் நீதி தவறும் என்றால் போதும். அந்தப் பிரிவு 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 391 ஆயிற்று. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 432. ஒரு கார் விபத்து, ஓட்டுநரின் இரத்தப் பரிசோதனை அறிக்கை, அதற்காக வழக்கையே முதலிலிருந்து நடத்தச் சொன்ன ஒரு செஷன்ஸ் நீதிபதி, அது தேவையில்லை, மேல்முறையீட்டிலேயே சாட்சியம் எடுங்கள் என்று 1963இல் சொன்ன உச்ச நீதிமன்றம் என்று அடுத்த இதழில் உக்கா கோல்ஹே வழக்கிலிருந்து தொடங்குவோம்.